நாலாவது நோட்டு

வேட்புமனு கொடுத்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளர் கையில் ஒரு பதிவேட்டைத் தருவார். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கும். ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். உள்ளே மூன்று நிறத்தில் தாள்கள். வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, ரோஸ் தாள் ரொக்கத்துக்கு, மஞ்சள் தாள் வங்கிக் கணக்குக்கு. இந்த மூன்று நிறத்திலும் ஒரு பொய் ரசீது ஒட்டாமல், ஒரு நிஜச் செலவையும் சொல்லாமல், ஒரு தேர்தலை முழுசாக எழுதி முடித்த பெருமை எனக்கு உண்டு.

நான் கட்சிக்காரன் இல்லை. ஜவுளிக்கடை, உரக்கடை, அரிசி மில் என்று இருபது வருஷமாகக் கணக்கெழுதிப் பிழைப்பவன். 2021 மார்ச்சில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். தொகுதி பெயர் வேண்டாம், அது ஒரு பாவமும் செய்யவில்லை. கட்சி பெயரும் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் மாறாது. மனுசன் நல்லவர் என்று ஊரில் பெயர். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்தவர்.

"அண்ணே, எனக்குக் கணக்கு சுத்தமா இருக்கணும். ஒரு ரூபா பிசகக் கூடாது" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் எந்த முதலாளியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. இந்த நாட்டில் அரசியல்வாதி ஒருவர் கணக்கு கேட்கிறாரே, இவருக்கு உழைக்காமல் யாருக்கு உழைப்பது என்று அன்றைக்கே கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. கடைசிவரை கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு ரூபாய் பிசகவில்லை.

சட்டமன்ற வேட்பாளர் அந்தத் தேர்தலில் அதிகபட்சம் 30 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் செலவழிக்கலாம். அதற்கு முன்பு 28 லட்சமாக இருந்ததை, கொரோனா காலம் என்று பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருஷமே 40 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். தேர்தலுக்கென்று தனியாக வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒரே ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பிரச்சார நாட்களுக்குள் மூன்று தடவை பதிவேட்டைக் கொண்டுபோய்ச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். நாம் எழுதுவதை நம்பாமல் அவர்களும் பக்கத்தில் ஒன்று எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நிழல் பதிவேடு என்று பெயர். கூட்டத்தைப் படம் பிடிக்க ஒரு குழு, பிடித்த படத்தைப் பார்க்க ஒரு குழு, பார்த்ததை விலை போட ஒரு குழு. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவருக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது.

விலை போட மாவட்ட நிர்வாகம் ஒரு பட்டியல் தரும். எழுதியே கெட்டுப்போன இந்தக் கைக்கு அந்தப் பட்டியலைப் போல அழகான இலக்கியம் அதற்குமுன் கிடைத்ததில்லை. டீக்கு ஒரு விலை, வடைக்கு ஒரு விலை. கோழி பிரியாணிக்கும் முட்டை பிரியாணிக்கும் வித்தியாசம் தெரிந்த பட்டியல் அது. பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா, சால்வை, துண்டு, தொப்பி, மேளம், சரவெடி, குட்டியானை வண்டி ஒருநாள் வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு தேர்தலில் வாங்கக்கூடிய எல்லாவற்றுக்கும் அதில் விலை உண்டு. வாங்கப்பட்ட ஒன்றைத் தவிர.

ஒரு பொதுக்கூட்டத்துக்கு நான் 500 நாற்காலி என்று எழுதினேன். அவர்களுடைய வீடியோவில் 800. ஒரு மணி நேரம் சண்டை. வாடகைக்கடைக்குப் போன் போட்டு, லாரி வாடகை ரசீதைக் காட்டி, முன்வரிசையை இரண்டு கோணத்தில் எடுத்ததால் இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள் என்று நிரூபித்தேன். 620 என்று சமரசம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவர் கருவூலத்தில் வேலை பார்ப்பவர், தேர்தல் பணிக்கு வந்தவர். களைத்துப்போய்ச் சிரித்தார்.

"நாற்காலிய எண்ணத்தான் சார் எங்களுக்கு உத்தரவு. உக்காந்திருக்கவங்க ஒவ்வொருத்தரும் எவ்வளவு வாங்கிட்டு உக்காந்தாங்கன்னு எண்ணச் சொல்லி உத்தரவு இல்ல."

கூட்டத்துக்கு ஆள் தலைக்கு 300 ரூபாய், ஒரு பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில். பொட்டலமும் பாட்டிலும் வெள்ளைத் தாளில் ஏறின. 300 ரூபாய் எந்தத் தாளிலும் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் தொண்டர். தொண்டருக்கு ஏது கூலி?

பிறகு நட்சத்திரப் பேச்சாளர் வந்தார். இந்த விதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நட்சத்திரப் பேச்சாளர் ஊர் ஊராகப் போகிற செலவு வேட்பாளர் கணக்கில் சேராது, கட்சிக் கணக்கு. கட்சிக்கு உச்சவரம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் மேடையில் வேட்பாளர் கூட நின்றாலோ, பேச்சாளர் அவர் பெயரை உச்சரித்தாலோ கூட்டச் செலவில் பங்கு வேட்பாளர் தலையில் விழுந்துவிடும். ஆகவே எங்கள் வேட்பாளர், தன் தொகுதியில், தனக்கு ஓட்டுக் கேட்டு நடந்த கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். புகை மூஞ்சியில் அடித்தது. தலைவர் ஐம்பது நிமிஷம் பேசினார். நாட்டை மீட்டார், மொழியை மீட்டார், எதிரியின் பெயரை நாற்பது தடவை சொன்னார். எங்கள் ஆள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "உங்களுக்கே தெரியும், இங்க நிக்கிறது யாருன்னு" என்று முடித்தார். யாரோ ஒருவருக்கு ஓட்டுப் போடச் சொல்லி அவ்வளவு பெரிய கூட்டம் கலைந்து போனது. செலவு பூஜ்யம். நான் கைதட்டினேன். என் யோசனைதான் அது.

இன்னும் மூன்று பேருக்கும் நான்தான் கணக்கு எழுதினேன். அவர்கள் சுயேச்சை வேட்பாளர்கள். ஒருவர் எங்கள் வேட்பாளரின் டிரைவருக்கு மைத்துனர். சுயேச்சைக்கும் வாகன அனுமதி உண்டு, வாக்குச்சாவடிக்குள் உட்கார முகவர் உண்டு. ஆக எங்களுக்கு வண்டியும் ஆளும் மூன்று மடங்கு கூடுதல். டெபாசிட் பத்தாயிரம் ரூபாய் போனாலும் லாபம்தான். அந்த மைத்துனர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, எனக்கு என்ன சின்னம்?" பார்த்துச் சொன்னேன். "நல்லா இருக்கா?" என்றார். எனக்குத் தெரிந்து அந்தத் தேர்தலில் சின்னத்தைப் பற்றி உண்மையாகவே ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது வாரம் ஒன்றியச் செயலாளர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற ஒற்றைக்கோடு நோட்டு. அட்டையில் கைகட்டி நிற்கும் விவேகானந்தர். கீழே பெயர், வகுப்பு, பாடம் என்று மூன்று கோடு.

"இதையும் நீங்களே எழுதிருங்கண்ணே. உங்க கையெழுத்து நல்லா இருக்கு."

வெள்ளை, ரோஸ், மஞ்சள் தாண்டி இது நாலாவது. மூன்று நிறத் தாளில் ஒரு மாதம் எழுதியது இந்த நோட்டின் ஒரு பக்கத்துக்குக் காணாது. பாகம் எண், வரிசை எண், வீட்டு எண், ஓட்டு எத்தனை. பக்கத்தில் ஒரு குறி. டிக் போட்டால் நம்ம ஆள், பெருக்கல் போட்டால் அவங்க ஆள், கேள்விக்குறி போட்டால் இன்னும் முடிவு பண்ணாதவர். ஜனநாயகம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது அந்தக் கேள்விக்குறிதான். அதை அழிக்கத்தான் ஐந்நூறு ரூபாய்.

பெருக்கல் போட்ட வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "குடுக்கலன்னா நம்மள மதிக்கலன்னு நினைச்சுக்குவாக. மரியாதைண்ணே" என்றார் ஒன்றியம். மரியாதை என்ற சொல்லை நான் அந்த நோட்டில் 1,50,000 பேர் கணக்கில் 500 ரூபாயால் பெருக்கிப் பார்த்தேன். ஏழரைக் கோடி வந்தது. மரியாதை நம்மூரில் என்றைக்குமே காஸ்ட்லிதான்.

பணத்துக்குப் பணம் என்று பேர் கிடையாது. கட்டு வந்தால் செங்கல். ஒரு லாட்டுக்கு லோடு. கொடுப்பதற்குக் கவனிப்பு, மொத்தமாகச் சொன்னால் பட்டுவாடா. கட்டடம் கட்டுகிற மேஸ்திரிகள் போலப் பேசிக்கொள்வார்கள். "லோடு எறக்கியாச்சா?", "மூணாவது வார்டுல பூச்சு வேலை பாக்கி." ஒருநாள் நிஜமாகவே செங்கல் விற்பவர் ஒருவர் போன் செய்து லோடு வேண்டுமா என்று கேட்டுவிட்டார். அலுவலகமே அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மேலிருந்து 500 புறப்படும். ஒன்றியத்தில் 50 இறங்கும், கிளையில் 50 இறங்கும், சந்து முனையில் இன்னொரு 100 காணாமல் போகும். சில தெருக்களில் 300 ரூபாய்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கேள்விப்பட்ட வேட்பாளர் மேசையைத் தட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"இந்த நாட்டுல நேர்மைங்கறதே இல்லாமப் போச்சுண்ணே! ஜனங்களோட காசுல கை வைக்கிறானுங்க, இவனுங்கல்லாம் உருப்படுவானுங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ஊழலுக்கு எதிராக ஓர் அரசியல்வாதி அவ்வளவு உளப்பூர்வமாகக் கொதித்ததை நான் நேரில் பார்த்தது அன்றுதான். பிறகு கசிவைத் தடுக்க வெளியூரிலிருந்து நாலு பட்டதாரிப் பையன்களை வைத்தார்கள். பட்டியலைப் பார்த்து வீடு வீடாகப் போன் போட்டு, "அம்மா, முழுசா வந்து சேர்ந்துச்சுங்களா?" என்று கேட்பது அவர்கள் வேலை. முதியோர் உதவித்தொகை வந்து சேர்ந்ததா என்று என் அம்மாவிடம் இதுவரை யாரும் போன் போட்டுக் கேட்டதில்லை.

இந்த வித்தைக்கு நாம் ஊர் பெயரே வைத்திருக்கிறோம். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலம் ஃபார்முலா என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். கணிதத்துக்குச் சுழியத்தைக் கொடுத்தது யார் என்று சண்டை போடுகிறவர்கள், இந்தச் சூத்திரத்தைக் கொடுத்தது யார் என்று சண்டை போடுவதில்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதியிலும் பணப் பட்டுவாடா என்று தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 89 கோடி ரூபாய்க்குப் பட்டுவாடாக் கணக்கு எழுதிய தாள்கள் வருமான வரிச் சோதனையில் சிக்கின என்று செய்தி வந்தது. படித்தவர்கள் தொகையைப் பார்த்து மலைத்தார்கள். நான் அந்தக் கணக்குப்பிள்ளையை நினைத்துப் பரிதாபப்பட்டேன். பாவி, தாளை எரிக்காமல் விட்டிருக்கிறான். 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. ஒவ்வொரு தடவையும் சில மாதம் கழித்து அதே தொகுதியில் திரும்பத் தேர்தல் நடந்தது. மக்கள் திருந்தட்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள் போலிருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் பிடிபட்ட பணம், நகை, சாராயம், பரிசுப் பொருள் எல்லாம் சேர்த்து 400 கோடி ரூபாய்க்கு மேல். அது பிடிபட்டது. பிடிபடாததை எழுத விவேகானந்தர் அட்டை போட்ட நோட்டு எத்தனை வேண்டியிருக்கும் என்று அச்சகக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அலுவலகச் சுவரில் காமராஜர் படம் இருந்தது. எல்லாக் கட்சி அலுவலகத்திலும் இருக்கும். இறந்துபோன நல்லவருக்கு உச்சவரம்பு கிடையாது. ஓர் இரவு வேலை முடிந்து டீ குடிக்கும்போது யாரோ அவர் 1967இல் விருதுநகரில் தோற்ற கதையை எடுத்தார்கள். 1,285 ஓட்டு வித்தியாசம். ஒன்றியம் கால்குலேட்டரைக் கேட்டார், நான் கொடுத்தேன். 643 பேர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும். பெருக்கினார். 3,21,500 ரூபாய்.

"மூணே கால் லட்சம்ணே! அவ்வளவுதான். அவருக்கு நம்மள மாதிரி நாலு ஆள் இல்லாமப் போச்சு" என்று உச்சுக்கொட்டினார்.

சுவரில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது. ஒன்றியம் கேலி பேசவில்லை, மெய்யாகவே வருத்தப்பட்டார் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால் இரவு பத்து மணிக்கு மேல் பட்டுவாடா. ஒரு தெருவுக்கு எழுத ஆள் வரவில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதுவரை எனக்கு வீடெல்லாம் எண்தான். அன்றுதான் எண்ணுக்குக் கதவு இருப்பதைப் பார்த்தேன்.

கடைசி வீடு. ஓட்டு வீடு, திண்ணையில் ஓர் ஆடு, அதன் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருந்த கிழவி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு ஓட்டு. கேள்விக்குறி. கிளைச் செயலாளர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். கிழவி வாங்கிக்கொண்டு, என் கையில் இருந்த விவேகானந்தரைப் பார்த்தாள்.

"இதுல எங்கய்யா கையெழுத்துப் போடணும்?"

கிளைச் செயலாளர் சிரித்தார். "கையெழுத்தெல்லாம் வேணாம் ஆத்தா. வச்சுக்க."

"அதெப்படி? நூறு நாள் வேலையில ஒப்பமில்லாம ஒரு ரூவா தர மாட்டாக. பொங்கக் காசு 2,500 வாங்கையில ரேசன் கடையில பேரெழுதிக்கிட்டாக. நாளப்பின்ன வாங்கலன்னு சொல்லிப்புட்டேன்னா, குடுத்த புள்ளைகளுக்குல்ல கெட்ட பேரு?"

"ஆத்தா, நேரமாச்சு."

"எனக்குக் கைநாட்டு இல்லய்யா. அறிவொளியில படிச்சவ நான். எழுதுவேன்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் அறிவொளி இயக்கம் வந்தபோது, வயற்காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். என் அக்கா அதில் சொல்லிக் கொடுத்தாள், சம்பளம் இல்லாமல். சொல்லிக் கொடுத்தவர்களும் படித்தவர்களும் ஒன்றை நம்பினார்கள்: எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் இனி யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. முப்பது வருஷம் கழித்து, அந்தப் படிப்பைப் பரீட்சை பார்க்க நான் வந்து நிற்கிறேன்.

பேனாவைக் கொடுத்தேன். கிளைச் செயலாளர் செல்போன் வெளிச்சம் காட்டினார். கிழவி நோட்டைத் தொடையில் வைத்து, தன் வரிசை எண்ணுக்கு நேரே, செங்கல் அடுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாக அடுக்கினாள். புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்தாள். முடித்துவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"500 ரூவான்னும் எழுதிக்கய்யா. கூடக் கொறைய எழுதிப்புடாத."

எழுதினேன்.

தேர்தல் முடிந்ததும் டீக்கடையில் எல்லோரும் ஒரே பாட்டு. மக்கள் கெட்டுப்போய்விட்டார்கள். காசு வாங்காமல் ஓட்டுப் போடுவதில்லை. ஐந்நூறை ஐந்து வருஷத்துக்கு வகுத்து, ஒரு நாளைக்கு 27 காசு, பிச்சைக்காரன்கூட வாங்க மாட்டான் என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு கணக்கு வரும். அனுப்புகிறவர்கள் படித்தவர்கள். வகுத்தல் நன்றாகத் தெரிந்தவர்கள். வாங்கியவளை வகுக்கத் தெரிந்த இவர்களில் ஒருவருக்குக்கூடக் கொடுத்தவனை வகுத்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

கணக்குப்பிள்ளை நான் வகுக்கிறேன், கேளுங்கள். எம்எல்ஏவுக்கு அப்போது மாதச் சம்பளம், படி எல்லாம் சேர்த்து 1,05,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 63 லட்சம். அந்த 63 லட்சத்தைச் சம்பாதிக்க ஒரு மனிதர் ஏழரைக் கோடியைத் தெருவில் இறைக்கிறார். இருபது வருஷமாக ஜவுளிக்கடைக்கும் உரக்கடைக்கும் எழுதுகிறேன், இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஒன்று, அவர் பைத்தியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு வேறு எதுவோ. எந்த ஆற்று மணல், எந்த டெண்டர், எந்த வேலை நியமனம், எந்தப் புறம்போக்கு என்று அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தால் கிழவி எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் மறைத்தது இரவு நேரமோ மின்வெட்டோ கிடையாது. வெள்ளை, ரோஸ், மஞ்சள். என் கையெழுத்து.

என் வேட்பாளர் வென்றாரா தோற்றாரா என்று சொல்லப்போவதில்லை. எதிர்த்தரப்பு அலுவலகத்திலும் ஒரு விவேகானந்தர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், அங்கேயும் ஒருவருக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது.

முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்தோம். மொத்தச் செலவு 22,41,360 ரூபாய். உச்சவரம்பில் முக்கால் பங்குக்கும் கீழே. இது உண்மை என்று வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் உறுதிமொழி கூறிக் கையெழுத்திட்டார். அதில் ஒரு வரி: கணக்கெழுதியவர் தன்னார்வலர், ஊதியம் இல்லை. நாலாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி: கணக்கெழுதியவருக்கு 40,000. இரண்டும் என் கையெழுத்தில். நாற்பதாயிரத்தில் வீட்டுக்குத் தளம் போட்டேன். பளபளவென்று இருக்கிறது, முகம் தெரிகிறது.

கணக்கைச் சரியாகக் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் போட்டியிடத் தடை என்று சட்டம் இருக்கிறது. பல்லில்லாத சட்டம் என்று சொல்ல மாட்டேன். 2011இல் உத்தரப்பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்எல்ஏ, காசு கொடுத்துச் செய்தி போட்ட செலவை மறைத்ததற்காகத் தகுதி இழந்தார். ஒரு பல் இருக்கிறது. 2013இல் எம்பியாக இருந்த கோபிநாத் முண்டே மும்பையில் ஒரு கூட்டத்தில், 2009 நாடாளுமன்றத் தேர்தலில் தான் 8 கோடி ரூபாய் செலவு செய்ததாக வாய்விட்டே சொன்னார். அப்போது உச்சவரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த வருஷம் அவர் மறுபடி ஜெயித்து மத்திய அமைச்சரானார். உண்மையைச் சொன்னவருக்கு நோட்டீஸ், எங்களைப் போலச் சுத்தமாக எழுதியவர்களுக்கு ஒப்புகைச்சீட்டு. எங்கள் ஒப்புகைச்சீட்டு முத்திரையோடு வந்தது. வேட்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு ரூபா பிசகலண்ணே" என்றார்.

அன்று சாயங்காலம் நாலாவது நோட்டை எரிக்கச் சொன்னார்கள். அலுவலகக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போனேன். பக்கம் பக்கமாகக் கிழித்துப் போடும்போது அந்தப் பக்கம் வந்தது. தொகுதி முழுக்க அத்தனை கையெழுத்து போட்டோமே, வேட்புமனுவில், சொத்துப் பட்டியலில், பிரமாணப் பத்திரத்தில், ரசீதுகளில். அத்தனையிலும் கையெழுத்துக்கு மேலே இருந்த தொகை அப்பட்டமான உண்மையாக இருந்தது இந்த ஒரு வரியில்தான். 500 ரூபாய். கீழே அவள் பெயர், புள்ளி தவறாமல்.

இந்தப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஒருநாள் எங்கேயாவது கொடுக்கலாம். ஒரு கோர்ட், ஒரு பத்திரிகை, மனசாட்சி உள்ள ஒரு அதிகாரி. பிறகு சட்டம் ஞாபகம் வந்தது. தேர்தலில் காசு கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. கொடுத்தவர் பெயர் அந்த நோட்டில் எங்கேயும் கிடையாது. ஒன்றியம் பெயர் கிடையாது, கிளை பெயர் கிடையாது, என் பெயர் கிடையாது. அட்டையில் பெயர், வகுப்பு, பாடம் மூன்று கோடும் காலி. ஏழரைக் கோடி ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள், கெட்ட பெயர் யாருக்கும் வந்துவிடக் கூடாதென்று எழுத்துக்கூட்டிய அந்தக் கிழவி.

அவளைக் காப்பாற்ற அவர்களையும் சேர்த்துத்தான் காப்பாற்ற முடியும். அப்படித்தான் அந்த நோட்டைக் கட்டியிருந்தோம்.

கிழித்துப் போட்டேன். விவேகானந்தரை மட்டும் கடைசியாக. அப்போதெல்லாம் தீப்பெட்டி ஒரு ரூபாய், தெருமுனைக் கடையில் வாங்கியது. அந்த ஒரு ரூபாயை எந்த நிறத் தாளிலும் நான் எழுதவில்லை.